வீட்டுக் கடனும் காப்பீடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே உள்ள கணக்குகள் பெரும்பாலும் ஒரே கடனை வைத்துப் போட்டவை: அசல் 30 லட்சம், ஆண்டு வட்டி 9%, காலம் 20 ஆண்டு, அதாவது 240 தவணை. எந்த நாணயத்தில் கடன் வாங்கினாலும் இந்த விகிதங்கள் பொருந்தும். கட்டணம், அபராதம், வரிச்சலுகை போன்றவை நாட்டுக்கு நாடு மாறுபடுவதால், அவற்றை உங்கள் ஒப்பந்தத்தில்தான் பார்க்க வேண்டும்.

அடமானக் கடன் வாங்கினால் வீடு வங்கிக்குச் சொந்தமாகிவிடுமா?

ஆகாது. வீடு உங்களுடையதுதான். ஆனால் அதன் மேல் வங்கிக்கு ஓர் உரிமை ஏறிவிடுகிறது. கடன் தீரும்வரை அந்த உரிமையைத் தீர்க்காமல் வீட்டை விற்க முடியாது. தவணை தொடர்ந்து நின்றால் வங்கி அதை விற்றுப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம்.

நீங்கள் கையெழுத்திடுவதில் இரண்டு வாக்குறுதிகள் இருக்கின்றன. ஒன்று, பணத்தைத் திருப்பித் தருவேன் என்பது. மற்றது, தராவிட்டால் வீட்டை எடுத்துக்கொள்ளலாம் என்பது. பலர் இரண்டாவதை மட்டுமே நினைவில் வைத்திருக்கிறார்கள். வீட்டை விற்றும் கடன் முழுதாகத் தீராவிட்டால், மீதிக்கும் கடன் வாங்கியவரே பொறுப்பு என்பதுதான் பல நாடுகளில் நிலை. கூட்டாகக் கையெழுத்திட்டவருக்கும் முழுக் கடனுக்கான பொறுப்பு உண்டு. பாதிக் கடன்தான் தன்னுடையது என்று அவர் சொல்ல முடியாது.

ஐந்து வருடமாக ஒரு தவணைகூடத் தவறவில்லை. அசல் ஏன் இவ்வளவுதான் குறைந்திருக்கிறது?

வட்டி மீதி அசலின் மேல் கணக்கிடப்படுவதால்தான். மேலே சொன்ன கடனுக்கு மாதத் தவணை 26,992. முதல் மாத வட்டி, 30 லட்சத்துக்கு 9% போட்டு 12-ஆல் வகுத்தால் 22,500. தவணையில் இது போக மிஞ்சும் 4,492 மட்டுமே அசலில் கழியும். அடுத்த மாதம் அசல் கொஞ்சம் குறைவு, அதனால் வட்டியும் கொஞ்சம் குறைவு, அசலில் கழிவது கொஞ்சம் கூடுதல். இப்படித்தான் மெல்ல மெல்ல நகர்கிறது.

ஐந்து ஆண்டு முடிவில் சுமார் 16.2 லட்சம் கட்டியிருப்பீர்கள். அசல் குறைந்திருப்பது 3.39 லட்சம்தான், இன்னும் 26.61 லட்சம் பாக்கி. அசலில் சரிபாதி தீர 14 ஆண்டு ஆகும். 20 ஆண்டில் மொத்தம் கட்டுவது 64.78 லட்சம், அதில் வட்டி மட்டும் 34.78 லட்சம். யாரும் உங்களை ஏமாற்றவில்லை. நீண்ட காலக் கடனின் இயல்பே இதுதான்.

இதை நீங்களே சரிபார்க்கலாம், சரிபார்க்கவும் வேண்டும். எக்செல்லில் நான்கு நெடுவரிசை போடுங்கள்: மாதத் தொடக்கத்தில் உள்ள அசல், வட்டி (அசல் × ஆண்டு வட்டி ÷ 12), தவணை, மாத முடிவில் மீதி (அசல் + வட்டி − தவணை). அந்த வரியைக் கீழே இழுத்துக்கொண்டே போனால் முழு அட்டவணையும் கிடைத்துவிடும். வங்கி தரும் கணக்கறிக்கையின் மீதி அசலோடு ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பிடுங்கள். தினசரி மீதிக்கு வட்டி போடும் வங்கியாக இருந்தால் சிறு வேறுபாடு வரும். பெரிய வேறுபாடு வந்தால் ஏதோ ஒரு கட்டணம் அசலில் சேர்ந்திருக்கிறது, அல்லது நீங்கள் கட்டிய ஒரு தொகை சேராமல் இருக்கிறது. கையோடு கேளுங்கள்.

வீட்டுக் கணக்கில் மாதத் தவணையை எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். உண்மையில் தெரிந்திருக்க வேண்டிய எண் மீதி அசல். முன்கூட்டிக் கட்டுவதா, வங்கி மாறுவதா, எவ்வளவு காப்பீடு எடுப்பது என்பதெல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான் முடிவாக வேண்டும்.

15 ஆண்டா, 20 ஆண்டா?

அதே 30 லட்சத்தை 15 ஆண்டில் அடைத்தால் தவணை 30,428. மாதம் 3,436 கூடுதல். மொத்த வட்டியோ 34.78 லட்சத்திலிருந்து 24.77 லட்சமாக இறங்குகிறது. பத்து லட்சம் மிச்சம்.

வருமானம் நிலையாக இல்லை என்றால், 20 ஆண்டுக்கு எடுத்துவிட்டு, கையில் பணம் இருக்கும் மாதங்களில் கூடுதலாகக் கட்டுவது பாதுகாப்பானது. கூடுதலாகக் கட்டக் கட்டணம் இல்லை என்பதைக் கையெழுத்திடும் முன்பே ஒப்பந்தத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மாறும் வட்டியில் எடுத்தேன். வட்டி ஏறியும் தவணை ஏறவில்லை. நல்லதுதானே?

இல்லை, கவலைப்பட வேண்டியது இங்கேதான். தவணையை அப்படியே வைத்துக் காலத்தை நீட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். 9% வட்டி தொடக்கத்திலேயே 10% ஆகி, தவணை 26,992-ஆகவே இருந்தால், 240 மாதக் கடன் சுமார் 314 மாதமாகிவிடும். ஆறு ஆண்டுக்கும் மேல் கூடுகிறது. காலத்தை மாற்றாமல் தவணையை ஏற்றியிருந்தால் 28,951 ஆகியிருக்கும், அதாவது மாதம் 1,959 மட்டுமே அதிகம். முடியுமென்றால் தவணையை ஏற்றச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

வட்டி 11% ஆனால் நிலைமை இன்னும் மோசம். 30 லட்சத்துக்கு ஒரு மாத வட்டியே 27,500. தவணை வட்டிக்கே பத்தாது. மாதாமாதம் கட்டிக்கொண்டே இருந்தும் கடன் வளரும். வட்டி மாறியதாகச் செய்தி வந்தால் உடனே பார்க்க வேண்டியவை மூன்று: புதிய வட்டி, மீதி அசல், மீதி மாதங்கள்.

நிலையான வட்டி என்று விளம்பரம் செய்தால் எத்தனை ஆண்டுக்கு நிலையானது என்று பாருங்கள். முதல் இரண்டு, மூன்று, ஐந்து ஆண்டுக்கு மட்டும் நிலையாக இருந்து, பிறகு மாறும் வட்டிக்குப் போகும் கடன்கள் நிறைய உண்டு. மாறும் வட்டி என்றால் எந்த அடிப்படை விகிதத்தோடு இணைந்தது, அதற்கு மேல் எத்தனை சதவீதம், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாறும் என்று கேளுங்கள். அடிப்படை விகிதம் இறங்கும்போது உங்கள் வட்டியும் இறங்குமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

“10% வட்டிதான், ஐந்து வருடக் கடன்” என்று வேறொரு கடன் தருகிறார்கள். வீட்டுக் கடனும் ஏறக்குறைய அதே வட்டிதானே?

பெயரளவில்தான் ஒன்று. ஐந்து லட்சத்துக்கு 10% வீதம் ஐந்து ஆண்டுக்கு முழு அசலின் மேலேயே வட்டி போட்டால் 2.5 லட்சம், தவணை 12,500. நீங்கள் மாதாமாதம் அசலைத் திருப்பித் தந்துகொண்டிருக்கிறீர்கள், வட்டி மட்டும் குறையவே இல்லை. குறையும் மீதிக்கு வட்டி போடும் முறையில் சொன்னால் இது ஏறக்குறைய 17.3%. எந்தக் கடனை ஒப்பிடும்போதும் “வட்டி மீதி அசலுக்கா, முழு அசலுக்கா” என்று கேட்காமல் சதவீதத்தை மட்டும் ஒப்பிடாதீர்கள்.

கையில் ஒரு லட்சம் இருக்கிறது. கடனில் கட்டட்டுமா?

முதலில் அவசரத்துக்கென்று தனியாகப் பணம் இருக்கிறதா என்று பாருங்கள். தவணையும் சேர்த்து ஆறு மாத வீட்டுச் செலவு உடனே எடுக்கக்கூடிய கணக்கில் இல்லையென்றால் கட்டாதீர்கள். கடனில் கட்டிய பணம் அவசரத்துக்குத் திரும்பி வராது. அதிக வட்டிக் கடன் வேறு இருந்தால், குறிப்பாக கிரெடிட் கார்டு பாக்கி, அதைத்தான் முதலில் அடைக்க வேண்டும்.

அவை இரண்டும் சரி என்றால், சீக்கிரம் கட்டுவதில்தான் பலன். நம் கடனில் முதல் ஆண்டு முடிவில் ஒரு லட்சம் கட்டி, தவணையை மாற்றாமல் விட்டால் 19 மாதம் குறையும். வட்டியில் சுமார் 4.1 லட்சம் மிச்சம். அதே ஒரு லட்சத்தை 15 ஆண்டு முடிவில் கட்டினால் ஆறு மாதம்கூடக் குறையாது. மிச்சம் ஏறக்குறைய 54,000.

பெரும்பாலும் தவறு நடப்பது கட்டிய பிறகுதான். கூடுதல் தொகையைப் பெற்ற வங்கி அதை என்ன செய்யும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த தவணைகளுக்கான முன்பணமாக வைத்துக்கொள்ளக்கூடும். அல்லது காலத்தை அப்படியே விட்டுத் தவணையைக் குறைத்துவிடக்கூடும். “அசலில் கழிக்கவும், தவணை மாறாமல் காலத்தைக் குறைக்கவும்” என்று எழுதிக் கொடுத்து, புதிய அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள்.

வேறு வங்கி குறைந்த வட்டி தருகிறது. மாறலாமா?

மாறும் செலவை மாத மிச்சத்தால் வகுங்கள். 25 லட்சம் பாக்கி, 15 ஆண்டு மீதி, வட்டி 9.5%: தவணை 26,106. புதிய வங்கியில் 8.75%, அதே 15 ஆண்டு: 24,986. மாத மிச்சம் 1,120. பரிசீலனைக் கட்டணம், மதிப்பீடு, பதிவு, பழைய வங்கியின் கட்டணம் எல்லாம் சேர்ந்து 40,000 என்றால் 36 மாதத்தில் செலவு ஈடாகும். அதற்குள் வீட்டை விற்கும் எண்ணம் இல்லையென்றால் மாறலாம்.

ஆனால் புதிய வங்கி “20 ஆண்டாகப் போட்டுவிடுவோமா, தவணை 22,093 தான்” என்று கேட்கும். மாதம் நாலாயிரம் குறைகிறதே என்று ஒத்துக்கொண்டால், மொத்தம் கட்டுவது 53.02 லட்சம். பழைய வங்கியிலேயே இருந்திருந்தால் 46.99 லட்சம். குறைந்த வட்டிக்கு மாறியும் ஆறு லட்சம் கூடுதல்! மாறும்போது மீதிக் காலத்தை ஒரு மாதம்கூட நீட்டாதீர்கள். மாறும் முன் உங்கள் வங்கியிடமே வட்டியைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள்; வெளியார் எழுத்தில் தந்த விகிதத்தைக் காட்டினால் பல நேரம் வேலை நடக்கும்.

கடன் தரும்போது காப்பீடும் எடுக்கச் சொல்கிறார்கள். அது யாருக்கு?

எது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். காப்பீடு என்ற ஒரே பெயரில் மூன்று வேறு விஷயங்கள் வரும்.

கட்டடக் காப்பீடு தீ, புயல் போன்றவற்றால் வீட்டுக்கு வரும் சேதத்துக்கானது. இதைப் பல வங்கிகள் நிபந்தனையாகவே வைக்கும், அது நியாயமும்கூட. ஆயுள் காப்பீடு, கடன் வாங்கியவர் இறந்தால் கடனைத் தீர்ப்பதற்கு. மூன்றாவது, நீங்கள் தவணை கட்டாமல் போனால் வங்கிக்கு வரும் நட்டத்தை ஈடுகட்டுவது. முன்பணம் குறைவாகப் போட்டு வாங்கும் கடன்களில் சில நாடுகளில் இது உண்டு. பிரீமியத்தின் சுமை உங்கள் மேல், பாதுகாப்பு வங்கிக்கு மட்டும். அதை எடுத்துவிட்டதால் குடும்பம் பாதுகாப்பாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. பாக்கி ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியதும் இதை நீக்க முடியுமா என்று கேளுங்கள்.

காப்பீடு அவசியம் என்பதும், அதை இந்த நிறுவனத்திடம்தான் எடுக்க வேண்டும் என்பதும் வேறு வேறு. இரண்டாவதைச் சொன்னால் அந்த நிபந்தனையை எழுத்தில் கேளுங்கள்.

கடனோடு வரும் ஆயுள் காப்பீடா, தனி டேர்ம் பாலிசியா?

பெரும்பாலோருக்குத் தனி டேர்ம் பாலிசிதான் (குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தரும் ஆயுள் காப்பீடு) எங்கள் பரிந்துரை. காரணங்கள் கனமானவை.

கடனோடு வருவது பெரும்பாலும் காப்பீட்டுத் தொகை ஆண்டுக்கு ஆண்டு குறையும் பாலிசி. அந்தத் தொகை, கடன் தொடங்கியபோது இருந்த வட்டியையும் காலத்தையும் வைத்துப் போட்ட அட்டவணைப்படி இறங்கும். உங்கள் கடன் அந்த அட்டவணைப்படி போகும் என்று எந்த உறுதியும் இல்லை. மேலே பார்த்ததுபோல் வட்டி 10% ஆகி, தவணை மாறாமல் காலம் நீண்டால், 240-ஆவது மாதத்தில் இன்னும் 14.9 லட்சம் பாக்கி இருக்கும். அந்த மாதத்தில் பாலிசியின் தொகை பூஜ்யம். குடும்பம் காப்பீடு இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கும்.

அடுத்து, அந்தப் பாலிசியின் பணம் நேரே வங்கிக்குப் போகும். தனி டேர்ம் பாலிசியில் பணம் குடும்பத்துக்கு வரும். கடனை உடனே அடைப்பதா, சிறிது காலம் தவணையைத் தொடர்வதா என்று அவர்கள் முடிவு செய்யலாம். பாலிசியை வங்கியின் பெயருக்கு மாற்றி எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும் வங்கி தன் பாக்கியை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தரும். வங்கி மாறும்போதும் தனி பாலிசி உங்களோடு வரும். கடனோடு கட்டிய பாலிசி நின்றுபோகக்கூடும். அப்போது வயதும் கூடியிருக்கும், உடல்நலமும் மாறியிருக்கலாம்.

குறையும் பாலிசி யாருக்குச் சரி? உடல்நலக் காரணத்தால் தனி பாலிசி கிடைக்காதவருக்கு, கடனோடு வரும் குழுக் காப்பீட்டில் மருத்துவ விசாரணை குறைவாக இருந்தால், அது பயன்படும்.

பிரீமியத்தை ஒரே தடவையாகக் கடனிலேயே சேர்த்துவிடலாம் என்கிறார்களே?

ஒரு லட்சம் பிரீமியத்தைக் கடனில் சேர்த்தால், 9% வட்டியில் 20 ஆண்டுக்கு நீங்கள் கட்டுவது 2.16 லட்சம். மாதம் 900 தானே என்று தோன்றும். கடனை ஏழாவது ஆண்டில் அடைத்தால் மீதிக் காலத்துக்கான பிரீமியம் திரும்பக் கிடைக்குமா, எந்தக் கணக்கில் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

எவ்வளவு தொகைக்கு, யார் பெயரில்?

மீதி அசலோடு, குடும்பத்துக்கு வேண்டிய சில ஆண்டுச் செலவையும் பிள்ளைகள் படிப்பையும் கூட்டி, கையிருப்புச் சேமிப்பைக் கழியுங்கள். கடன் தொகைக்கு மட்டும் எடுத்தால் வீடு மிஞ்சும், அடுப்பெரியப் பணம் மிஞ்சாது.

இருவர் சம்பாதித்துத் தவணை கட்டினால் இருவருக்கும் காப்பீடு வேண்டும். வருமானத்தில் 60:40 என்றால் கடனுக்கான பங்கையாவது அந்த விகிதத்தில் பிரியுங்கள். முடிந்தால் இருவருக்கும் முழுத் தொகை. பாலிசிக் காலம் கடன் காலத்தைவிடச் சில ஆண்டு கூடுதலாக இருக்கட்டும்.

சேமிப்பும் காப்பீடும் சேர்ந்த பாலிசியின் முதிர்வுத் தொகையில் கடனை அடைத்துவிடலாம் என்று நம்பாதீர்கள். பிரிட்டனில் 1980-களில் இப்படி விற்ற பாலிசிகள் பல, முதிர்ந்தபோது கடனை அடைக்கப் பத்தவில்லை.

வீட்டை வாங்கிய விலைக்குக் காப்பீடு எடுத்தால் போதுமா?

வாங்கிய விலையும் அளவல்ல, கடன் தொகையும் அளவல்ல. இடிந்த கட்டடத்தைத் திரும்பக் கட்ட இன்று எவ்வளவு ஆகும் என்பதே அளவு. விலையில் மனையும் சேர்ந்திருக்கிறது, மனை எரியாது. கட்டடப் பரப்பை, உங்கள் பகுதியில் இன்றைய கட்டுமானச் செலவால் பெருக்குங்கள். இடிபாடு அகற்றுவது, வரைபடம், அனுமதி ஆகியவற்றுக்கும் சேருங்கள். இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை திருத்துங்கள்.

பிரீமியத்தைக் குறைக்கத் தொகையைக் குறைத்தால் முழுச் சேதத்தில் மட்டுமல்ல, சிறு சேதத்திலும் அடி விழும். திரும்பக் கட்ட 40 லட்சம் ஆகும் வீட்டை 20 லட்சத்துக்குக் காப்பீடு செய்தீர்கள். சமையலறை எரிந்து 8 லட்சம் சேதம். 20 லட்சம் வரை கிடைக்குமே என்று நினைப்பீர்கள். விகித விதி உள்ள பாலிசியில் பாதி மதிப்புக்கே காப்பீடு என்பதால் சேதத்திலும் பாதி, 4 லட்சம்தான் வரும்.

வெள்ளம், நிலநடுக்கம் அடிப்படைப் பாலிசியில் இருக்கிறதா, தனியாகச் சேர்க்க வேண்டுமா என்று பாருங்கள். வீட்டுப் பொருள்களுக்குப் பெரும்பாலும் தனிப் பிரிவு. கசிவு, பூஞ்சை, கறையான் போல மெல்ல வரும் சேதங்கள் வழக்கமாக விலக்கப்பட்டிருக்கும்.

கிளைம் ஏன் மறுக்கப்படுகிறது?

பெரும்பாலும் விண்ணப்பத்தில் விட்டுப்போன தகவலால். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், பழைய அறுவைச் சிகிச்சை, புகைப்பழக்கம், முன்பு வேறு நிறுவனம் மறுத்தது: எதையும் மறைக்கக் கூடாது. முகவர் “இதெல்லாம் எழுத வேண்டாம்” என்றாலும் எழுதுங்கள், கையெழுத்து உங்களுடையது. நிரப்பிய படிவத்தின் நகலை வாங்கி ஒவ்வொரு பதிலையும் படியுங்கள். தவறு இருந்தால் உடனே எழுத்தில் திருத்துங்கள்.

மற்றக் காரணங்கள்: கணக்கில் பணம் இல்லாமல் பிரீமியம் நின்று பாலிசி காலாவதியானது, பாலிசி தொடங்கியதும் பணம் தராத காத்திருப்புக் காலத்துக்குள் கிளைம் செய்தது, வீட்டை வாடகைக்கு விட்டதையோ நீண்ட நாள் பூட்டிக் கிடந்ததையோ தெரிவிக்காதது.

சேதம் நேர்ந்தால், மேலும் சேதமாகாமல் தடுங்கள். எதையும் அகற்றும் முன் படம் எடுங்கள். அன்றே நிறுவனத்துக்குத் தெரிவித்து கிளைம் எண் வாங்குங்கள். மதிப்பீட்டாளர் பார்க்கும்வரை நிரந்தரப் பழுதுவேலை வேண்டாம். தற்காலிக வேலைக்கான ரசீதுகளை வைத்திருங்கள். மறுத்தால், எந்த விதியின் கீழ் என்று எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீட்டுக்கு அந்தக் கடிதம் வேண்டும்.

வேலை போனால், நோய் வந்தால் தவணைக்கு என்ன வழி?

உழைக்கும் வயதில் வருமானத்தை நிறுத்துவது மரணம் மட்டுமல்ல. நீண்ட நோயும் விபத்தும்கூடத்தான். அப்போது டேர்ம் பாலிசி பணம் தராது. அதற்கு மருத்துவக் காப்பீடும், வேலை செய்ய முடியாத காலத்தில் மாதாமாதம் தொகை தரும் வருமானக் காப்பீடும் வேண்டும். அதில் பார்க்க வேண்டியவை: எத்தனை நாள் கழித்துப் பணம் தொடங்கும், எத்தனை மாதம் வரும், “வேலை செய்ய இயலாமை” என்பது உங்கள் வேலையையா, எந்த வேலையையுமா. அவசர நிதி அந்தக் காத்திருப்பு நாள்களைத் தாண்ட வேண்டும். வேலை இழப்புக் காப்பீடு வழக்கமாகச் சில மாதத் தவணைக்கு மட்டுமே. தானாக விலகியவருக்குக் கிடைக்காது.

அடுத்த மாதத் தவணை கட்ட முடியாது போலிருக்கிறது. என்ன செய்வது?

தவறும் முன்பே வங்கியிடம் பேசுங்கள். தவறிய பின் வாய்ப்புகள் சுருங்கும், அபராதம் ஏறும், கடன் வரலாறு கெடும். வருமானம் எவ்வளவு குறைந்தது, எத்தனை மாதத்தில் சீராகும், இப்போது எவ்வளவு கட்ட முடியும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். சில மாதம் வட்டி மட்டும், தற்காலிகத் தள்ளிவைப்பு, கால நீட்டிப்பு ஆகியவற்றில் ஒன்றைக் கேட்கலாம். தள்ளிவைத்த மாதங்களின் வட்டி பொதுவாக அசலில் சேரும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். தவணைக்காகக் கைமாற்று வட்டிக்கோ கார்டிலோ கடன் வாங்காதீர்கள். காப்பீட்டுப் பிரீமியத்தையும் நிறுத்தாதீர்கள்.

சீராகும் வழியே தெரியவில்லை என்றால், வங்கிக்குத் தெரிவித்து நீங்களே வீட்டை விற்பது, ஏலத்துக்கு விடுவதைவிட வழக்கமாக நல்ல விலை தரும்.

கடைசித் தவணை கட்டிவிட்டேன். முடிந்ததா?

இன்னும் இல்லை. பாக்கி ஏதும் இல்லை என்ற சான்று, கடன் கொடுத்தபோது வாங்கிய மூலப் பத்திரங்கள் (கொடுத்தபோது போட்ட பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு), பதிவான அடமானத்துக்கு அதை நீக்கிய பதிவு: மூன்றையும் வாங்குங்கள். அடமான நீக்கத்தைப் பதிவு செய்யாமல் விட்டால், பல ஆண்டு கழித்து விற்கப் போகும்போது அந்த வீடு இன்னும் அடமானத்தில் இருப்பதாகவே பதிவேடு காட்டும். தானியங்கித் தவணை உத்தரவை ரத்து செய்யுங்கள். வங்கிக்கு எழுதிக் கொடுத்த ஆயுள் பாலிசியை உங்கள் பெயருக்குத் திருப்பி, நாமினியை மறுபடி பதிவு செய்யுங்கள். கட்டடக் காப்பீட்டில் வங்கியின் பெயரை நீக்கச் சொல்லுங்கள். வங்கி எடுத்த பாலிசி என்றால் அது கடனோடு முடிந்திருக்கும். அன்றிலிருந்தே உங்கள் பெயரில் புதிதாக எடுங்கள்.